செல்ஃப் மோட்டாரை வீட்டிலேயே மாற்றுவது: முதல் சோதனையிலிருந்து முதல் ஸ்டார்ட் வரை

சாவியைத் திருப்புகிறோம். டாஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் எரிகின்றன. பானட்டுக்குள் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடி 'டக்'. எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், "செல்ஃப் போயிடுச்சு சார், மோட்டாரை மாத்திடுங்க" என்பார்.

எங்கள் வீட்டு மூன்று சிலிண்டர் பெட்ரோல் காரில் இதே சத்தம் வந்தபோது நானும் அதை நம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்துப் புது மோட்டார் மாட்டினேன். மூன்றாம் நாள் காலையில் அதே 'டக்'. கடைசியில் பார்த்தால், கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை (மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) பச்சை பூத்து, நாலைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டையை மாற்றியதும் வண்டி சரியானது. கழற்றி வைத்த பழைய மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்களும் இழக்கக் கூடாது. அதனால் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளுக்கு இங்கே நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறேன். மோட்டாரைக் கழற்றி மாட்டுவது பொறுமை இருந்தால் யாராலும் முடிகிற வேலை. உண்மையிலேயே அதுதான் கெட்டதா என்று கண்டுபிடிப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

இது 12 வோல்ட் பேட்டரி உள்ள, கையால் கியர் மாற்றுகிற சாதாரண பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதியது. டீசல் வண்டிக்கும் முறை இதேதான், ஆனால் மோட்டார் கனமாக இருக்கும், இடுக்கிலும் இருக்கும். ஆரஞ்சு நிற ஒயர்கள் ஓடும் ஹைபிரிட் வண்டி என்றால் வீட்டில் கை வைக்காதீர்கள். அதில் ஓடுவது உயிரை எடுக்கக்கூடிய மின்சாரம்.

செல்ஃப் மோட்டார் என்ன செய்கிறது

இன்ஜின் தானாக ஓடத் தொடங்காது, முதல் சில சுற்றுகளை வேறு யாராவது சுற்றிவிட வேண்டும். ஒரு காலத்தில் அதை மனிதக் கைகள் செய்தன. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறிந்துபோகும். 1911-இல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் இதற்கு ஒரு மின் மோட்டாரை உருவாக்கினார். 1912 மாடல் கேடிலாக் கார்களில் அது வந்தது. நம் ஊரில் அம்பாசிடர் வைத்திருந்தவர்களுக்கு ஹேண்டில் நினைவிருக்கும். சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் 1961-இல் தொடங்கியதிலிருந்து, இந்திய வண்டிகளில் பல நம் ஊரில் செய்த செல்ஃபில்தான் ஓடுகின்றன.

மோட்டாரின் தலையில் சின்னதாக இன்னொரு உருளை இருக்கும். அதுதான் சொலினாய்டு. சாவியைத் திருப்பினால் ஒரு மெல்லிய ஒயர் வழியாக அதற்கு மின்சாரம் வரும். உடனே அது இரண்டு வேலை செய்யும். ஒரு நெம்புகோலை இழுத்து, மோட்டார் முனையிலுள்ள சின்னப் பல்சக்கரத்தை வெளியே தள்ளி, இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் பற்களில் கோக்கும். அதே இழுப்பில் உள்ளே இரண்டு தடித்த செம்புக் காண்டாக்ட்களை இணைத்து, பேட்டரியின் முழு பலத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடும். நாம் கேட்கும் 'டக்' சொலினாய்டு இழுக்கும் சத்தம்தான். அதாவது, 'டக்' கேட்கிறது என்றால் சாவியிலிருந்து வரும் செய்தி சொலினாய்டு வரை வந்துவிட்டது என்று அர்த்தம்.

சின்னப் பல்சக்கரத்தில் பத்துக்கு முன்பின்னாகப் பற்கள் இருக்கும், ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையமான ரிங் கியரில் நூறை ஒட்டி இருக்கும். இன்ஜினை நிமிடத்துக்கு 200 சுற்று சுற்ற, பல்சக்கரம் 2000 சுற்று சுற்ற வேண்டும். இன்ஜின் பிடித்து 1000 சுற்றுக்குப் போய்விட்டால் கணக்கு தலைகீழாகும்: இப்போது இன்ஜின் அந்தச் சின்னச் சக்கரத்தை 10,000 சுற்றுக்கு விரட்டப் பார்க்கும். அப்போது மோட்டார் சிதறிவிடாமல் காப்பது பெண்டிக்ஸில், அதாவது அந்தப் பல்சக்கரம் உட்கார்ந்திருக்கும் பாகத்தில், இருக்கும் ஒருவழி கிளட்ச். இன்ஜின் பிடித்த பிறகும் சாவியைப் பிடித்துக்கொண்டே இருந்தால் முதலில் தேய்வது அதுதான்.

சத்தத்தைக் கேளுங்கள்

கருவிப் பெட்டியைத் திறக்கும் முன் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் தனிக் குரல் உண்டு.

'டகடகடகடக' என்று வேகமாகத் தொடர் சத்தம் வந்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் டெர்மினல் தளர்ந்திருக்கிறது. சொலினாய்டு இழுக்கிறது, மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சுகிறது, வோல்ட்டேஜ் விழுகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. இந்தச் சத்தத்துக்கு யாரும் மோட்டாரைக் கழற்றக் கூடாது.

ஒரே ஒரு அழுத்தமான 'டக்' என்றால் சந்தேகப் பட்டியல் கொஞ்சம் நீளம்: தேய்ந்த கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு), கருகிப்போன சொலினாய்டு காண்டாக்ட், எர்த் கோளாறு, தடித்த கேபிளின் முனையில் துரு.

சத்தமே இல்லை என்றால் மோட்டார் வரை செய்தியே வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஃப்யூஸ், ரிலே, சாவி ஸ்விட்ச், சில வண்டிகளில் கிளட்ச் பெடலுக்கு மேல் இருக்கும் ஸ்விட்ச், இவற்றை முதலில் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் லீவரை 'பார்க்'கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றி ஒரு முறை முயன்று பாருங்கள். டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு சிமிட்டுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

மோட்டார் 'விர்ர்ர்' என்று வேகமாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் அசையவில்லை என்றால் பெண்டிக்ஸ் நழுவுகிறது. 'கர்ர்ர்' என்று இரும்பை அரைக்கும் சத்தம் வந்தால் பல்சக்கரத்திலோ ரிங் கியரிலோ பல் தேய்ந்திருக்கிறது. அப்படிச் சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்காதீர்கள். மோட்டாரை வாங்கிவிடலாம், ரிங் கியருக்குக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

சாவியை விட்ட பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தால் சொலினாய்டு காண்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. உடனே பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். தாமதித்தால் ஒயர் உருகித் தீப்பிடிக்கும்.

ஒரு செய்தி மழைக்காலத்துக்காக. செல்ஃப் மோட்டார் இன்ஜினின் கீழ்ப்பாதியில் இருப்பதால் தேங்கிய தண்ணீரில் முதலில் நனைகிற பாகங்களில் அதுவும் ஒன்று. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்குச் சொன்ன அறிவுரை இன்றைக்கும் பொருந்தும்: இன்ஜின்வரை தண்ணீர் ஏறிய வண்டியில் சாவியே போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

மீட்டரை வைத்து உறுதி செய்வது

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கூடவே சாவியைத் திருப்ப வீட்டில் ஒருவர் வேண்டும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து நிற்கட்டும். சோதனையின் நடுவே இன்ஜின் பிடித்துவிடாமல் இருக்க, பெட்ரோல் பம்ப் ஃப்யூஸையோ ரிலேயையோ பிடுங்கி வையுங்கள்.

முதலில் பேட்டரி. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு இரண்டு முனைகளிலும் மீட்டரை வையுங்கள், 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

அடுத்து, மீட்டர் அங்கேயே இருக்க, உங்கள் உதவியாளர் செல்ஃப் அடிக்கட்டும். நல்ல பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 7, 6 என்று சரிந்தால் பேட்டரி செத்துவிட்டது, அல்லது மோட்டார் உள்ளே இறுகிப்போய் அளவுக்கு மீறி இழுக்கிறது. நல்லதென்று தெரிந்த வேறொரு பேட்டரியை ஜம்பர் கேபிளால் இணைத்துப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். மாறாக, 'டக்' சத்தம் வந்தும் வோல்ட்டேஜ் 12-ஐ விட்டு அசையவே இல்லை என்றால், மோட்டாருக்குள் மின்சாரமே போகவில்லை. காண்டாக்ட், பிரஷ், கேபிள் மூன்றில் ஒன்று.

இப்போது எனக்கு யாரும் சொல்லித் தராத, சொல்லித் தந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும் சோதனை. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸின் ஈயக் கம்பத்தின் மேல் வையுங்கள். அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மேல் வைக்கக் கூடாது. கருப்பு முனையை மோட்டாரில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில் வையுங்கள். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளோ அதன் முனைகளோ கெட்டிருக்கின்றன. அடுத்து சிவப்பு முனை மோட்டாரின் வெறும் உலோக உடம்பில், கருப்பு முனை பேட்டரி மைனஸ் கம்பத்தில். செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் கோளாறு. என் வண்டியில் பிறகு அளந்தபோது கிட்டத்தட்ட 4 வோல்ட் அந்த அறுந்த பட்டையிலேயே செத்துக்கொண்டிருந்தது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சின்ன காரின் செல்ஃப் மோட்டாரே 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு ஃபேன், லைட்டுக்குப் போதுமான ஒயர் இதற்குப் போதாது. கேபிள் முனையில் இருக்கும் மெல்லிய பச்சைப் படலம் ஹெட்லைட்டை எரிய விடும், ஹாரனை அடிக்க விடும், ஆனால் செல்ஃபை மட்டும் தடுத்துவிடும். "லைட் எல்லாம் நல்லா எரியுது, அதனால பேட்டரியும் ஒயரும் நல்லா இருக்கு" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

கடைசியாக, சொலினாய்டுக்கு வரும் மெல்லிய ஒயர். சாவியைத் திருப்பும்போது அதன் முனையில் 10 வோல்ட்டாவது வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு சாவி ஸ்விட்ச் பக்கம். பழைய வண்டிகளில் ஸ்விட்ச் காண்டாக்ட் தேய்ந்து 8, 9 வோல்ட்தான் வரும். சில நாள் பிடிக்கும், சில நாள் பிடிக்காது. நடுவில் ஒரு ரிலே போட்டால் போதும், ஆட்டோ எலக்ட்ரிஷியன் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்.

பேட்டரி நல்லது, இரண்டு பக்கக் கேபிளும் நல்லது, மெல்லிய ஒயரில் வோல்ட் வருகிறது, அப்படியும் மோட்டார் சுற்றவில்லை. சரி, இப்போது மோட்டாரைக் கழற்றலாம்.

அவசரத்துக்கு உதவும் இரண்டு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, சுத்தியலின் மரக் கைப்பிடியால் மோட்டாரின் உடம்பில் லேசாகத் தட்டினால், தேய்ந்த பிரஷ் கொஞ்சம் நகர்ந்து ஒரு ஸ்டார்ட் கொடுக்கும். ஓங்கி அடிக்காதீர்கள். பல மோட்டார்களில் உள்ளே நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கும், விரிசல் விட்டுவிடும். பல்சக்கரம் ரிங் கியரில் மாட்டிக்கொண்டது என்று தோன்றினால், சாவியை எடுத்துவிட்டு மூன்றாவது கியர் போட்டு வண்டியை முன்னும் பின்னும் உலுக்குங்கள், விடுபடும்.

என்னென்ன வேண்டும்

10, 12, 14 நம்பர் பாக்ஸ் சாக்கெட்டுகள், ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன் ராடு, அதே நம்பர்களில் ரிங் ஸ்பேனர். சின்ன ஜப்பானிய, கொரிய வழிக் கார்களில் பெரும்பாலும் இவை போதும். துருவை இளக்கும் ஸ்பிரே, உப்புத்தாள், ஒயர் பிரஷ், டார்ச் லைட், போல்ட்டுகளைப் போட ஒரு எவர்சில்வர் தட்டு. கீழே நுழைய வேண்டிய வண்டி என்றால் ஜாக்கியோடு இரண்டு ஜாக் ஸ்டாண்டு.

ஜாக் ஸ்டாண்டு பற்றி நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கியும் போகக் கூடாது. எடை ஏறிய நிமிடத்தில் பிளந்துவிடும், முன்கூட்டி எச்சரிக்காது. ஸ்டாண்டு இல்லை என்றால் அந்த வேலையை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

புது மோட்டார் வாங்கும்போது வண்டியின் மாடல், வருடம், பழைய மோட்டாரின் உடம்பில் பொறித்திருக்கும் எண் மூன்றையும் கொண்டு போங்கள். முடிந்தால் பழையதைக் கழற்றி அதையே கையில் எடுத்துப் போவது இன்னும் நல்லது. சென்னைக்காரர்களுக்குப் புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை என்று இரண்டு இடம் உண்டு. செல்ஃப் மோட்டாரைப் பொறுத்தவரை உடைத்த வண்டியிலிருந்து எடுத்ததை நான் வாங்க மாட்டேன். அது எத்தனை ஆயிரம் ஸ்டார்ட் பார்த்தது என்று வெளியிலிருந்து தெரியாது. அதைவிட, உங்கள் மோட்டாரையே ரிப்பேர் செய்வது மேல். பிரஷ், புஷ் (தண்டு சுற்றும் வளையம்), பெண்டிக்ஸ் மட்டும் மாற்றினால் பல மோட்டார்கள் பழைய பலத்துக்கு வந்துவிடும். ஆர்மேச்சர் (உள்ளே செம்புக் கம்பி சுற்றிய, சுழலும் பாகம்) கருகி, எரிந்த வார்னிஷ் வாடை வந்தால் மட்டும், கம்பியைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங்கை நம்பாமல் புதிது வாங்குங்கள்.

கழற்றுவது

இன்ஜின் நன்றாக ஆறட்டும். பல வண்டிகளில் மோட்டாருக்குப் பக்கத்திலேயே சைலன்சர் பைப் போகும். கைமோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வாருங்கள்.

முதல் வேலை, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுவது. எப்போதும் மைனஸ்தான் முதலில். பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும், பேட்டரி வாயுவும் பற்றலாம். மைனஸ் முதலில் போய்விட்டால், அப்புறம் ஸ்பேனர் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. கழற்றிய முனையைத் துணியில் சுற்றி ஓரமாகச் செருகுங்கள், தானாகச் சுருண்டு வந்து தொட்டுவிடக் கூடாது. மோட்டாரின் தடித்த கேபிள் ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. அதனால் இந்த ஒரு படியை மட்டும் எந்த அவசரத்திலும் தாண்டக் கூடாது.

மோட்டார் எங்கே என்று தெரியவில்லையா? பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் மிகத் தடித்த கேபிளைக் கண்ணால் பின்தொடருங்கள். அது போய் முடியும் இடம்தான். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். சில வண்டிகளில் முன்பக்கமே தெரியும், சிலவற்றில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குள் காற்றுப் போகும் குழாய்த் தொகுதி) அடியில் ஒளிந்திருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் பல வண்டிகளில் வழி கிடைத்துவிடும். எதைத் தொடும் முன்பும் மொபைலில் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒயர்களுக்கு வருவோம். தடித்த கேபிளின் மேல் ரப்பர் தொப்பி இருக்கும், அதை விலக்கினால் 12 நம்பர் நட் தெரியும். இந்த நட்டைத் திருப்பும்போது அவசரம் வேண்டாம். உள்ளே இருக்கும் போல்ட் செம்பு, அதைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக். நட் துருப்பிடித்து இறுகியிருந்தால் போல்ட்டே சுற்றத் தொடங்கி உள் இணைப்பு அறுந்துவிடும். மோட்டாரை ரிப்பேருக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மெல்லிய ஒயர் ஒரு பிளாஸ்டிக் கனெக்டரில் வரும், பூட்டை அழுத்திக்கொண்டு இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

அடுத்து மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். பெரும்பாலும் இரண்டு, சிலவற்றில் மூன்று. இவைதான் இந்த வேலையின் கடினமான பகுதி. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையின் தடவலை நம்பித்தான் சாக்கெட்டை உட்கார வைக்க வேண்டியிருக்கும். முழுவதுமாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவி உறுதி செய்யாமல் பலம் கொடுக்காதீர்கள். போல்ட் தலை மழுங்கிவிட்டால் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் ஆகும். ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, ஒரே அழுத்தில் வரவில்லை என்றால் கொஞ்சம் இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு தளர்த்துங்கள். அந்தச் சின்ன அசைவில் துரு உடையும். ஒரு போல்ட்டில் எர்த் ஒயரோ பிராக்கெட்டோ சேர்ந்து வரலாம், ஒன்று மற்றதைவிட நீளமாக இருக்கலாம். தட்டில் போடும்போதே எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று பிரித்து வையுங்கள்.

கடைசி போல்ட்டின் கடைசிச் சுற்றுகளில் இன்னொரு கை மோட்டாரைத் தாங்கட்டும். சின்ன மோட்டாரே 3 கிலோவுக்கு வரும், படுத்துக்கொண்டு செய்யும்போது முகத்துக்கு நேரே இருக்கும். ஒட்டிக்கொண்டிருந்தால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். வெளியே கொண்டுவர ஒரு குறிப்பிட்ட சாய்வு தேவைப்படும். எப்படிச் சாய்த்து எடுத்தீர்கள் என்று நினைவில் வைத்தால் புதியது அதே வழியில் உள்ளே போகும்.

மாட்டும் முன் பார்க்க வேண்டியவை

மோட்டார் வந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் ரிங் கியரின் பற்கள் தெரியும். ஒருவர் கிராங்க் புல்லியின் (இன்ஜின் ஓரத்தில் பெல்ட் ஓடும் சக்கரம்) போல்ட்டில் ஸ்பேனர் வைத்து இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் மெல்லச் சுற்ற, நீங்கள் ஒரு முழுச் சுற்றும் பாருங்கள். தேய்மானம் வட்டம் முழுக்கச் சமமாக இருக்காது. அணைக்கும்போது இன்ஜின் எப்போதும் ஏதோ ஒரு சிலிண்டரின் கம்ப்ரெஷனுக்கு முன்னால்தான் நிற்கும். அதனால் நான்கு சிலிண்டரில் எதிரெதிரே இரண்டு இடங்களிலும், மூன்று சிலிண்டரில் மூன்று இடங்களிலும் பற்கள் அதிகம் தேயும். ஓரம் கொஞ்சம் மழுங்கியிருந்தால் பரவாயில்லை. பல் உடைந்தோ கூர்மையாகச் சீவப்பட்டோ இருந்தால் புது மோட்டார் மாட்டிப் பயனில்லை, அதன் பல்லும் சேர்ந்து போகும்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பற்களின் எண்ணிக்கை, மூக்கின் நீளம், போல்ட் ஓட்டைகள், ஒயர் முனைகள் நிற்கும் திசை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டியின் மேல் உங்கள் வண்டிப் பெயர் போட்டிருப்பது மட்டும் போதாது. பழைய மோட்டாருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மெல்லிய தகடு ஏதாவது இருந்ததா என்றும் பாருங்கள், இருந்தால் அதைத் திரும்பப் போட வேண்டும்.

தரையில் வைத்தே ஒரு சோதனை செய்துவிடலாம். மோட்டாரை வைஸில் பிடியுங்கள், அல்லது துணி விரித்துக் காலால் அழுத்திப் பிடியுங்கள். தொடங்கும்போது பலமாகத் துள்ளும். தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியின் மைனஸை ஜம்பர் கேபிளால் மோட்டாரின் உடம்பிலும், பிளஸ்ஸைத் தடித்த போல்ட்டிலும் கொடுங்கள். பிறகு ஒரு துண்டு ஒயரால் பிளஸ்ஸிலிருந்து மெல்லிய ஒயர் முனையைத் தொட்டால், பல்சக்கரம் பாய்ந்து வெளியே வந்து சுற்ற வேண்டும். இரண்டு விநாடி போதும். கை, துணி, தலைமுடி எதுவும் பல்சக்கரத்தின் பக்கம் வேண்டாம். இந்தக் குறுக்கிணைப்பை வண்டியில் மாட்டியிருக்கும்போது ஸ்க்ரூடிரைவர் வைத்துச் செய்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே பாயும்.

மாட்டுவது

இன்ஜினில் மோட்டார் உட்காரும் பரப்பை ஒயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் உலோகம் மின்னும்வரை சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலான மோட்டார்களுக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது, உடம்புதான் எர்த். நடுவில் துருவோ பெயின்ட்டோ இருந்தால் புது மோட்டாரும் 'டக்' என்றுதான் சொல்லும். இதே சமயத்தில் இன்ஜினிலிருந்து பாடிக்கும், பேட்டரியிலிருந்து பாடிக்கும் போகும் எர்த் பட்டைகளின் முனைகளையும் கழற்றித் தேய்த்து மாட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

மோட்டாரை அதன் குழியில் கையாலேயே முழுவதும் உட்கார வையுங்கள். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்கப் பார்த்தால் அலுமினியக் காது உடைந்துவிடும். எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் நாலைந்து சுற்று ஏற்றுங்கள், விரலுக்கு வராமல் முரண்டு பிடித்தால் மரை குறுக்கே ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள்.

மெல்லிய ஒயர் கனெக்டர் 'க்ளிக்' என்று பூட்டட்டும். தடித்த கேபிளின் வளையம் செம்பு போல்ட்டின் அடியில் நேரடியாகப் படிய வேண்டும், அதற்கு மேல்தான் வாஷரும் நட்டும். இந்த நட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டு பலம் மட்டும். வளையம் சாய்ந்து இன்ஜினைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரப்பர் தொப்பியை மூடுங்கள். வெப்பம் தடுக்கும் தகடு இருந்திருந்தால் அதையும் மறக்காமல் மாட்டுங்கள். சைலன்சர் சூட்டிலிருந்து சொலினாய்டைக் காப்பது அந்தத் தகடுதான்.

ஏர் ஃபில்டர் பெட்டி, மற்ற குழாய்கள் எல்லாம் திரும்பப் போகட்டும். தட்டில் ஒரு போல்ட் மிஞ்சினாலும் அது எங்கே போக வேண்டும் என்று கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிவிட்டு, கடைசியாகப் பேட்டரி மைனஸை மாட்டுங்கள். முனைகளில் கொஞ்சம் வாசலின் தடவினால் பூஞ்சை போல வெள்ளை பூக்காது. பிடுங்கி வைத்த பெட்ரோல் பம்ப் ஃப்யூஸை மறந்துவிட்டு, "செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகலையே" என்று தேடாதீர்கள்.

முதல் ஸ்டார்ட்

நியூட்ரல், ஹேண்ட் பிரேக், கிளட்ச் அழுத்தம். சாவியைத் திருப்பி, இன்ஜின் பிடித்ததும் விட்டுவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் 10 விநாடிக்கு மேல் சாவியைத் திருப்பி வைத்திருக்காமல், அரை நிமிடம் ஓய்வு கொடுத்து முயலுங்கள். மோட்டார் குறுகிய நேர வேலைக்காக வடிவமைத்தது, காற்றோட்டம் கிடையாது, தொடர்ந்து அடித்தால் சூட்டிலேயே வெந்துவிடும்.

அடிக்கும்போது கூர்மையான ஊளைச் சத்தமோ, இன்ஜின் பிடித்து சாவியை விட்டதும் உரசல் சத்தமோ வந்தால் மோட்டார் நேராக உட்காரவில்லை, அல்லது நடுத் தகடு விட்டுப்போயிருக்கிறது. கழற்றி மறுபடி பாருங்கள், ஓட்டிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். சத்தம் சுத்தமாக இருந்தால் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சூடான இன்ஜினில் இன்னும் இரண்டு முறை ஸ்டார்ட் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றியதால் கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் அழிந்திருக்கும், சில வண்டிகளில் பவர் விண்டோவின் ஒரே தொடலில் ஏறும் வசதியை மறுபடி பழக்க வேண்டியிருக்கும்.

மீட்டரை இன்னும் ஒரு முறை எடுத்து, மோட்டார் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே செல்ஃப் அடிக்கும்போது அளந்து எழுதி வையுங்கள். என் வண்டியில் இப்போது 0.1 வோல்ட். ஒரு வாரம் ஓட்டிய பிறகு, பேட்டரி மைனஸை மறுபடி கழற்றிவிட்டு, தடித்த கேபிளின் நட்டையும் மோட்டார் போல்ட்டுகளையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். பழைய மோட்டாரை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். உள்ளே செம்பு இருக்கிறது, கடைக்காரர் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார். அவர் கழிக்கவில்லை என்றால் பிரஷ் மாற்றி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள், என்னுடையது அப்படித்தான் துணியில் சுற்றி இருக்கிறது.